டிவி இல்லாத வீட்டுக்கு ஒளிபரப்புக் கட்டணம்: மாக்டெபுர்கில் மூன்று மாணவர்களின் கணக்கு

2024 ஜனவரி இரண்டாம் வாரம். ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில், மூன்று அறை கொண்ட ஒரு மாணவர் வீட்டின் சமையலறை மேசையில் 11 கடித உறைகள் கிடந்தன. எல்லாம் கொலோன் நகரிலுள்ள ஒளிபரப்புக் கட்டண அலுவலகத்திலிருந்து வந்தவை. 8 உறைகளில் அந்த வீட்டில் இருக்கும் தமிழ் மாணவர் ஒருவரின் பெயர். மீதி 3-இல், செப்டம்பர் கடைசியிலேயே கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்ட, அதே வீட்டு மூத்த மாணவரின் பெயர். பதினொன்றில் 9 அதுவரை பிரிக்கப்படவே இல்லை. அன்று காலையில் வேறொரு உறை வந்திராவிட்டால் பன்னிரண்டாவதும் அதே குவியலில் சேர்ந்திருக்கும். அந்த வேறு உறை நகராட்சியின் வசூல் பிரிவிலிருந்து வந்தது: 118.16 யூரோவும் அதன் மேல் செலவுத் தொகையும் குறிப்பிட்ட தேதிக்குள் வந்து சேராவிட்டால் கட்டாய வசூல் தொடங்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாணவர் ஒரே ஆள் அல்ல. பலருக்கும் நடப்பவற்றை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து கோத்திருக்கிறேன். ஆட்கள் கற்பனை, விதிகளும் கட்டண விகிதமும் நிஜம்.

'ரேடியோ டாக்ஸ்' என்று நம் பிள்ளைகள் சொல்வதன் சட்டப்பெயர் 'ருண்ட்ஃபுங்க்பைட்ராக்', அதாவது ஒலி-ஒளிபரப்புப் பங்களிப்பு. வயதான ஜெர்மானியர்கள் இன்னும் பழைய வசூல் அலுவலகத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் 'கே-ஏ-ட்செட்' என்றுதான் சொல்வார்கள். இது வரி அல்ல, ஏஆர்டி, செட்டிஎஃப், டாய்ச்லாண்ட்ராடியோ ஆகிய பொது ஒலிபரப்பு அமைப்புகளுக்கு மக்கள் நேரடியாகக் கட்டும் பங்கு. அரசு கஜானாவுக்குப் போகாமல் இருப்பதற்காகவே இப்படி ஓர் ஏற்பாடு. கஜானாவிலிருந்து சம்பளம் வாங்கும் வானொலி அரசாங்கத்தின் குரலாகிவிடும் என்ற பயம், நாஜிக் காலத்தைப் பார்த்த நாட்டுக்கு இருப்பது இயல்பு. தொகை மாதம் 18.36 யூரோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08 யூரோவாகக் கட்டலாம். ஆண்டுக்கு 220.32 யூரோ.

நம் மாணவர் 2022 அக்டோபரில் வந்தவர். அப்போது விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுண்ட்'டில் போட வேண்டியிருந்த தொகை ஆண்டுக்கு 10,332 யூரோ, மாதம் எடுக்கக்கூடியது 861. அதில் 18.36 என்பது நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் ஊர்க் கணக்கில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. வாடகை, உடல்நலக் காப்பீடு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் போன பிறகு இருக்கும் காசில், பார்க்காத டிவிக்கு இவ்வளவா என்று கேட்பது நியாயமான கேள்வி.

முதல் கடிதமும் முதல் தப்பும்

வந்த இரண்டு வாரத்துக்குள் வசிப்பிடப் பதிவு, எல்லாரும் சொல்லும் அந்த 'அன்மெல்டுங்', முடிந்தது. வங்கிக் கணக்குக்கும் விசா நீட்டிப்புக்கும் அந்தத் தாள் தேவை, ஆகவே எல்லாரும் முதல் வேலையாகச் செய்வது இது. அந்தப் பதிவின் விவரம் ஒளிபரப்புக் கட்டண அலுவலகத்துக்கும் போகும் என்பதை யாரும் அப்போது கவனிப்பதில்லை. இது திருட்டுத்தனம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. தினசரி மாற்றங்கள் போவது தவிர, நாடு முழுவதும் பதிவேடுகளை மொத்தமாக ஒப்பிட்டுப் பார்ப்பதும் 2013, 2018, 2022 ஆண்டுகளில் நடந்திருக்கிறது. தப்பித்துக்கொள்ள இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் முதல் கடிதம் வந்தது. பணம் கேட்கும் கடிதம் அல்ல, கேள்விக் கடிதம். இந்த முகவரியில் ஏற்கெனவே யாராவது கட்டுகிறார்களா? கட்டினால் அவருடைய 9 இலக்கக் கணக்கு எண் என்ன? இல்லையென்றால் உங்கள் பெயரில் பதிகிறோம். மாணவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தார். 'ஒலிபரப்பு' என்ற சொல் கண்ணில் பட்டது. அறையில் டிவி இல்லை, ரேடியோ இல்லை. சரி, நமக்கில்லை என்று மேசை இழுப்பறையில் வைத்தார். நினைவூட்டல் வந்தது. அதுவும் அங்கேயே போனது.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தாத்தா காலத்தில் நம் ஊரிலும் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. தபால் அலுவலகத்தில் புத்தகத்தைக் கொடுத்து ஆண்டுதோறும் பணம் கட்டி முத்திரை வாங்கி வர வேண்டும். 1980களில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த லைசென்ஸ் பெட்டிக்கு உரியது. பெட்டி இல்லாத வீட்டுக்கு லைசென்ஸ் இல்லை. இன்றும் பிரிட்டனில் ஏறக்குறைய அந்தக் கணக்குதான்: நேரலை ஒளிபரப்பையோ பிபிசியின் ஐபிளேயரையோ பார்ப்பவர்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும், பார்க்காதவர் வேண்டாம். அந்த நினைப்போடு ஜெர்மனிக்கு வருகிறவர் 'டிவி இல்லை' என்பதைப் பதிலாக எண்ணுவது சகஜம்.

ஆனால் ஜெர்மனி பெட்டியை விட்டு வெகு தூரம் வந்துவிட்டது. 1923 அக்டோபர் 29 அன்று பெர்லினில் முதல் வானொலி நிகழ்ச்சி போனபோது, பணவீக்கத்தின் உச்சத்தில், முதல் உரிமத்துக்கு 35,000 கோடி மார்க் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பணம் நிலைப்பட்டதும் அது மாதம் 2 மார்க் ஆனது. அதிலிருந்து 2012 வரை, ஏறக்குறைய 90 ஆண்டு, கட்டணம் கருவிக்குத்தான். வீட்டில் கருவி இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் கதவைத் தட்டுவார்கள், மக்கள் டிவி இல்லை என்று சாதிப்பார்கள். கணினியிலும் கைப்பேசியிலும் ஒளிபரப்பு வர ஆரம்பித்த பிறகு எது கருவி, எது கருவி இல்லை என்பதே வழக்காகிவிட்டது. 2010-இல், முன்னாள் அரசியல் சாசன நீதிபதி பவுல் கிர்ஷோஃப் தந்த கருத்துரை ஒரு வழி சொன்னது: கருவியை விடு, வீட்டைப் பிடி. 2013 ஜனவரி 1 முதல் அதுதான் நடைமுறை. ஒரு வீடு, ஒரு கட்டணம். உள்ளே பத்து டிவி இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே 18.36.

இதை எதிர்த்து ஏராளமான வழக்குகள் போயின. 2018 ஜூலை 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் முடித்துவைத்தது. பார்க்கிறாயா என்பது கேள்வியல்ல, பார்க்கும் வாய்ப்பு உனக்கு இருக்கிறது, அந்த வாய்ப்புக்கான பணம் இது என்றது தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பர் 13-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் இதில் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் இல்லை என்றது. 'எனக்கு ஜெர்மன் புரியாது', 'நான் தமிழ் யூடியூப் மட்டும்தான் பார்ப்பேன்' என்பதெல்லாம் இந்தத் தர்க்கத்தின் முன் நிற்காது.

எது வீடு?

நம் மாணவரின் கதையில் இதுதான் சூட்சுமமான இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவர் முதல் ஆறு மாதம், 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, மாணவர் விடுதியில் இருந்தார். நீண்ட பொது நடைபாதை, இருபக்கமும் கதவுகள், கதவுக்குப் பின்னால் ஓர் அறை. சமையலறை பொது. நமக்கு அது ஹாஸ்டல் ரூம். சட்டத்துக்கு அது முழு வீடு. பொதுவாக எவரும் நடக்கும் தாழ்வாரத்திலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ நேராக நுழையக்கூடிய, சுவரும் கதவும் உள்ள, தூங்கவோ வாழவோ பயன்படும் இடம் எதுவானாலும் அது வீடுதான். ஆகவே நடைபாதையில் 20 கதவு இருந்தால் 20 கட்டணம்.

அதே விடுதியின் அடுத்த கட்டிடத்தில் வேறு அமைப்பு. அங்கே படிக்கட்டிலிருந்து ஒரு கதவு, அதைத் திறந்தால் கூடம், கூடத்தைச் சுற்றி மூன்று அறைகள். அந்த மூவருக்கும் சேர்த்து ஒரே கட்டணம், ஆளுக்கு 6.12 யூரோ. கிட்டத்தட்ட அதே வாடகை, அதே படிப்பு, அதே தகப்பன் அனுப்பும் பணம். ஒருவர் இன்னொருவரைவிட மூன்று மடங்கு கட்டுகிறார். காரணம், கட்டிடம் கட்டியவர் கதவை எங்கே வைத்தார் என்பது மட்டும். வீட்டை அளவாக வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்திலும் 2019 முதல் வீட்டுக்குத்தான் கட்டணம். ஆனால் அங்கே மாணவர் விடுதியைக் கூட்டுக் குடித்தனமாகக் கருதி, நடத்துகிறவரிடமே மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார்கள், அறைக்கு அறை பில் போவதில்லை. ஆக, வேறு மாதிரியும் செய்ய முடியும்.

பதில் வராததால் கட்டண அலுவலகம் தானாகவே மாணவரைப் பதிவு செய்தது. மூன்றாவது கடிதம் அதைச் சொன்னது, 9 இலக்க எண்ணோடு. நான்காவது பில். ஐந்தாவது, பில் கட்டவில்லையே என்ற நினைவூட்டல். இழுப்பறை நிறைந்துகொண்டிருந்தது.

மூன்று பேர், ஒரு கதவு, இரண்டு கணக்கு

2023 ஏப்ரலில் மாணவர் வெளியே ஒரு பகிர்வு வீட்டுக்கு மாறினார். 'வேகே' என்பார்கள். ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். மூத்தவர் கோயம்புத்தூர்க்காரர், வாடகை ஒப்பந்தமும் கட்டணக் கணக்கும் அவர் பெயரில். மூன்று மாதத்துக்கொரு முறை 55.08 அவர் வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். மற்ற இருவரும் ஆளுக்கு 18.36 அவரிடம் கொடுப்பார்கள். இரண்டாமவர் ஹைதராபாத்காரர். அவருக்கும் முன்பு அதே கேள்விக் கடிதம் வந்திருந்தது. அவர் மூத்தவரின் 9 இலக்க எண்ணை வாங்கி எழுதி அனுப்பினார். ஐந்து நிமிட வேலை. அதன்பின் அவருக்குக் கடிதமே வரவில்லை.

நம் மாணவரும் அதையேதான் செய்திருக்க வேண்டும். மூத்தவரின் எண்ணைக் குறிப்பிட்டு, என் கணக்கை மார்ச்சோடு மூடுங்கள் என்று ஒரு படிவம். அவர் கேட்டது என்னவோ கேட்டார்.

"அண்ணா, இந்த ரேடியோ டாக்ஸ் நம்ம வீட்டுக்கு யாரு கட்டுறது?"

"நான் கட்டுறேன்பா. நீ உன் பங்கை எனக்கு அனுப்பிடு."

அவ்வளவுதான். இருவரும் சொன்னது உண்மை. மாணவர் தன் பங்கை ஒழுங்காகக் கொடுத்தார். ஆனால் கொலோனில் இருக்கும் கணினிக்கு இந்த உரையாடல் தெரியாது. அங்கே அவர் கணக்கு திறந்தே இருந்தது, அன்மெல்டுங் மாறியதும் முகவரியும் புதிதாகிவிட்டது. ஏப்ரல் முதல் ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்கு ஓடியது: ஒன்று பணம் போகும் கணக்கு, இன்னொன்று கடன் ஏறும் கணக்கு.

2023 ஜூனில் ஆறாவது கடிதம். இது பில் அல்ல. இதன் தலைப்பில் 'ஃபெஸ்ட்செட்சுங்ஸ்பெஷைட்' என்று ஒரு நீளச் சொல் இருக்கும். தொகையை அதிகாரபூர்வமாக நிர்ணயிக்கும் ஆணை. விடுதியின் ஆறு மாதத்துக்கு 110.16 யூரோ, தாமதக் கட்டணம் 8 யூரோ, ஆக 118.16. தாமதக் கட்டணம் பாக்கியில் 1 சதவீதம், ஆனால் குறைந்தபட்சம் 8 யூரோ. சின்னத் தொகை நிலுவை வைக்கும் மாணவருக்கு அந்தக் குறைந்தபட்சம்தான் வலிக்கும். ஆணைக்கு மறுப்பு எழுத ஒரு மாத அவகாசம் உண்டு. அந்த மாதம் போனால் ஆணை உறுதியாகிவிடும், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே வசூலுக்குப் போகலாம். இதுவரை வந்த எல்லாக் கடிதங்களையும் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒன்றைத் தொலைக்கக் கூடாது. எல்லா உறைகளும் ஒரே மாதிரி இருப்பதால் பிரிக்காமல் இதை அடையாளம் காண வழியும் இல்லை.

செப்டம்பரில் இரண்டாவது ஆணை: ஏப்ரல் முதல் ஜூன் வரை, 55.08 கூட்டல் 8. டிசம்பர் கடைசியில் மூன்றாவது: ஜூலை முதல் செப்டம்பர் வரை, அதே தொகை.

மூத்தவர் ஊருக்குப் போன பிறகு

மூத்தவர் படிப்பை முடித்து செப்டம்பர் கடைசியில் கிளம்பினார். ஒழுங்கான மனிதர். வாடகை ஒப்பந்தத்தை ஹைதராபாத்காரர் பெயருக்கு மாற்றினார். நகர அலுவலகத்தில் வெளிநாடு போகிறேன் என்று பதிவு நீக்கம் செய்து சான்றும் வாங்கினார். அக்டோபரில் வங்கிக் கணக்கை மூடினார். அவருடைய அறைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். கொலோனுக்கு மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. நகரத்தில் பெயரை நீக்கினால் இதுவும் நீங்கிவிடும் என்று அவர் நினைத்தார்.

இந்தச் சட்டம் மாணவர்களைப் பிடிக்கும் இடம் இதுதான். கட்டணக் கடமை தொடங்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். குடியேறிய மாதத்தின் முதல் தேதியிலிருந்து தானாகத் தொடங்கும், உங்களுக்குத் தெரியாவிட்டாலும், இரண்டு ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தாலும். ஆனால் முடிவதற்கு நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். வீட்டை விட்ட மாதக் கடைசியோடு கடமை முடியும், ஆனால் அதை அறிவித்த மாதக் கடைசிக்கு முன்னால் முடியாது என்கிறது விதி. செப்டம்பரில் போனவர் ஜனவரியில் அறிவித்தால் கணக்கு ஜனவரி வரை ஓடும். தனியாக ஒரு வீட்டில் இருந்துவிட்டு இப்படிப் போனவருக்கு அந்த நான்கு மாதத்துக்கு 73.44 யூரோ கூடுதல். நாடு முழுவதையும் சில ஆண்டுகளுக்கொரு முறை திரட்டிப் பார்க்கும் பதிவேட்டு முறை, ஒருவர் உள்ளே வந்ததைத் தானாகக் கவனிக்கிறது. போனதை மட்டும் அவரே வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் காத்திருக்கிறது. விமான டிக்கெட், சாமான் எடை, டெபாசிட் பாக்கி என்று ஆயிரம் கவலையில் இருக்கும் கடைசி வாரத்தில் இதை நினைவு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

நவம்பர் நடுவில் மூத்தவரின் மூடிய வங்கிக் கணக்கில் மோதிய தவணை திரும்பியது. அதைப் பற்றிய கடிதங்கள்தான் குவியலில் அவர் பெயரில் இருந்த மூன்று. வீட்டில் இருந்த மூவரும் மூத்தவர் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பினார்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அந்த வீட்டுக்கு யாருமே கட்டவில்லை. வீட்டில் பதிவாகியிருக்கும் பெரியவர்கள் எல்லாருமே கூட்டாகப் பொறுப்பு. அலுவலகம் முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடம் கேட்கலாம், பிறகு அவர்களுக்குள் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

கணக்குத் தீர்த்த விதம்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினார்கள். 2023 டிசம்பர் வரை மாணவர் கணக்கில் 15 மாதம், 275.40 யூரோ. மூன்று ஆணைகளின் தாமதக் கட்டணம் 24 யூரோ. மொத்தம் 299.40. இதைப் பார்த்ததும் முதல் யோசனை, மொத்தத்தையும் கட்டித் தொலைத்துவிடலாம் என்பது. இரண்டாவது யோசனை, எதையுமே கட்டாமல் இருந்துவிடலாம் என்பது. இரண்டுமே தப்பு. மாதங்களை மூன்றாகப் பிரித்தால்தான் விடை கிடைக்கும்.

விடுதியில் இருந்த ஆறு மாதம் கட்டத்தான் வேண்டும். அது தனி வீடு, வேறு யாரும் கட்டவில்லை, ஆணைக்கு மறுப்பு எழுதும் காலமும் போய்விட்டது. 118.16 யூரோவும் நகராட்சியின் செலவுத் தொகையும் உடனே அனுப்பப்பட்டது. கட்டாய வசூல் அங்கேயே நின்றது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குரிய கட்டணத்தை மூத்தவர் கட்டிவிட்டார், கூட்டுப் பொறுப்பில் ஒருவர் கட்டினால் எல்லாரும் விடுபடுவார்கள். இதை மூத்தவரின் 9 இலக்க எண்ணோடும், அவர் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய வங்கி அறிக்கையோடும் எழுதினார்கள். டிசம்பர் ஆணைக்கு இன்னும் ஒரு மாதம் ஆகாததால் முறைப்படி மறுப்பும் எழுதினார்கள். மறுப்பு மின்னஞ்சலில் போனால் செல்லாது. கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பினால் பின்னால் வாதம் வராது. அந்த 110.16 கணக்கிலிருந்து நீங்கியது. டிசம்பர் ஆணையின் 8 யூரோவும் போனது. செப்டம்பர் ஆணையின் 8 யூரோ மட்டும் நின்றது, காலம் கடந்த தப்புக்கு விலை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 55.08. இது வீட்டுக்கு உரியது, நியாயமான கடன். மாணவரின் கணக்கே இனி வீட்டின் கணக்கு என்று முடிவாயிற்று. மற்ற இருவரும் அந்த எண்ணைப் பதில் படிவத்தில் எழுதினார்கள். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 18.36. வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால், அந்த மாதங்கள் இந்தக் கணக்கில் கட்டப்பட்டதும் மூத்தவரிடம் கேட்க எதுவும் மிஞ்சவில்லை. தனி வீட்டில் இருந்திருந்தால் அவருக்கு இந்த அதிர்ஷ்டம் இருந்திருக்காது. ஆனாலும் அவர் கணக்கை மூடாமல் விட முடியாது. பதிவு நீக்கச் சான்றின் நகலோடு அவர் பெயரில் விலகல் படிவம் போனது.

கூட்டிப் பார்த்தால் 181.24 யூரோவும் நகராட்சிச் செலவும். 299.40 அல்ல.

விலக்கு கேட்க முடியாதா?

இந்தக் கேள்வியை மாணவரின் அப்பா தொலைபேசியில் கேட்டார். படிக்கிற பையனிடம் டிவிக் காசா, ஸ்டூடண்ட் கன்செஷன் இல்லையா என்று.

மாணவர் என்பதற்காக விலக்கு கிடையாது. ஜெர்மன் மாணவர்களில் பலருக்குக் கிடைப்பது 'பாஃபேக்' என்ற அரசு உதவித்தொகை பெறுவதால். பெற்றோரைப் பிரிந்து வாழும் பாஃபேக் மாணவர் அந்த ஆணையைக் காட்டினால் விலக்கு உண்டு, மூன்று ஆண்டு வரை பின்தேதியிட்டும் வாங்கலாம். மாணவர் விசாவில் வந்த இந்தியருக்குப் பொதுவாக பாஃபேக் கிடையாது, அதனால் இந்த வாசலும் இல்லை. விசாவுக்காகத் தன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்டியவர், கட்டணத்துக்காகத் தன்னிடம் பணம் இல்லை என்று காட்டுவதும் கஷ்டம்.

ஒரு குறுகிய சந்து உண்டு. 2019 அக்டோபர் 30 அன்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஒரு மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர் படித்தது இரண்டாவது படிப்பு, அதனால் பாஃபேக் இல்லை, வேறு சமூக உதவியும் இல்லை. ஆனால் வாடகை போக அவர் கையில் இருந்தது அரசு உதவி பெறும் ஏழையின் அளவுதான். உதவி வாங்கும் ஏழைக்கு விலக்கு, அதே வறுமையில் உதவி கிடைக்காதவருக்குக் கட்டணம் என்பது சரியல்ல என்று நீதிமன்றம் சொன்னது. வருமானத்தையும் சேமிப்பின்மையையும் தாளில் நிரூபிக்க முடிந்தால் இந்தக் கடும் நெருக்கடி விலக்கைக் கேட்கலாம். நம் மாணவரிடம் பகுதி நேர வேலையும், கணக்கில் சேமிப்பும் இருந்தன. அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

இரண்டாவது வீட்டுக்கு விலக்கு உண்டே என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடும். 2018 தீர்ப்பில் வந்ததுதான் அது: ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க முடியாது, ஆகவே இரண்டு கட்டணம் கூடாது. ஆனால் முதல் வீட்டுக்கு ஜெர்மனியில் கட்டணம் கட்டுகிறவருக்குத்தான் அது பொருந்தும். அப்பாவின் வீடு தென்காசியில் இருப்பதால் மாக்டெபுர்க் அறை இரண்டாவது வீடாகிவிடாது.

இன்னொரு வதந்தி, கட்டாவிட்டால் ஜெயில். 2016-இல் ஒரு பெண் 61 நாள் சிறையில் இருந்தது உண்மை. ஆனால் கட்டணம் கட்டாததற்காக அல்ல, வசூல் அதிகாரியிடம் சொத்து விவரம் தர மறுத்ததற்காக. கடைசிப் படிவரை பிடிவாதமாக நின்றால் நடப்பது அது. நம் பிள்ளைகளின் சங்கதி பிடிவாதம் அல்ல, பிரிக்காத உறை.

ஒரு தகவல், கொஞ்சம் வேடிக்கையானது. மாணவர் கட்டிய 18.36 என்ற எண்ணுக்கே அந்த மாநிலத்தோடு ஒரு சண்டை உண்டு. மாக்டெபுர்க் சாக்சோனி-அன்ஹால்ட் மாநிலத்தின் தலைநகரம். 17.50-இலிருந்து 86 சென்ட் உயர்த்த 16 மாநிலங்களும் ஒப்ப வேண்டியிருந்தபோது, 2020 டிசம்பரில் இந்த மாநிலத்தின் முதல்வர் ரைனர் ஹாசலோஃப் மசோதாவைத் திரும்பப் பெற்றார், உயர்வு நின்றது. ஒலிபரப்பாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். 2021 கோடையில் நீதிமன்றம் உயர்வை அமலாக்கியது. 2025 முதல் 18.94 ஆக்கலாம் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தபோதும் மாநிலங்கள் இழுத்தடித்தன, 2024 நவம்பரில் ஏஆர்டியும் செட்டிஎஃபும் மீண்டும் அதே நீதிமன்றப் படியேறின. 86 சென்ட்டுக்காக ஒரு மாநில அரசே ஆட்டம் கண்ட ஊரில், தான் 16 யூரோ தாமதக் கட்டணத்தோடு தப்பித்தது பெரிய விஷயமில்லை என்று மாணவர் பிறகு சொல்லிச் சிரித்தார்.

அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே 9 இலக்க எண். கீழே: புதிதாக வருகிறவர் முதல் கடிதத்துக்கு இந்த எண்ணை எழுதி அனுப்பவும். எண்ணுக்குரியவர் வீட்டை விட்டால், போகிற மாதத்திலேயே கொலோனுக்கு எழுதிவிட்டு, அடுத்தவர் பெயரில் கணக்கு திறந்த பிறகே கிளம்பவும்.

மார்ச் மாதம் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொலோன் முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம், மூத்தவர் வீட்டு வாசல் திண்ணையில் வைத்து எடுத்தது.

"தம்பி, இங்கேயும் லெட்டர் வந்துருச்சு. மறுபடியும் காசா?"

"இல்லண்ணா. உங்க கணக்கை மூடிட்டாங்கன்னு எழுதியிருக்கு."